சீருடை கொடுத்தால் மட்டும் போதுமா?

வாசலில் நிற்பவருக்குப் பயிற்சியும் வேண்டும், பொறுப்பும் வேண்டும்

மாலை ஏழு மணி. மும்பைப் புறநகர்களில் அடுக்குமாடிக் கட்டிடங்களின் வாசல்களில் ஆள் மாறும் நேரம் அது. பகல் முழுவதும் நின்றவர் சீருடையைக் கழற்றி ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு ரெயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். இரவு டூட்டிக்காரர் சாப்பாட்டுத் தூக்கைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொள்வார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

அவ்வளவுதான். ஒருவர் போகிறார், இன்னொருவர் நிற்கிறார்.

இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே எத்தனையோ செய்திகள் கைமாறியிருக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவின் சாவி எங்கே இருக்கிறது? பின்வாசல் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? லிப்டு பழுதா? மின்சார மீட்டர் அறையில் மதியம் கருகல் வாடை அடித்ததா? எந்த வீட்டில் வயதான அம்மாள் தனியாக இருக்கிறார்? இவை எதுவும் கைமாறாவிட்டாலும், பல நாட்கள் ஒன்றும் நேர்வதில்லை. நேரும் ஒரு நாளில்தான் அதன் விலை தெரிகிறது.

"தெரிய என்னலே இருக்கு?"

நெல்லைச் சீமையில் இருந்து பிழைப்புத் தேடி வந்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, ஆண்டாப்ஹில்லிலோ ஊர்க்காரர் ஒருவரின் அறையில் தங்குகிறார். ஒரு வாரம் கழிகிறது. வேறு வேலை அமையவில்லை. ஊர்க்காரர் தமக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரரிடம் சொல்லி வைக்கிறார்.

"அண்ணாச்சி, எனக்கு இந்த வேலையைப் பத்தி ஒண்ணும் தெரியாதே?"

"தெரிய என்னலே இருக்கு? கேட்டுல நிக்கணும். கார் வந்தா திறக்கணும். அம்புட்டுதான்."

மறுநாள் அவருக்கு ஒரு சீருடை கிடைக்கிறது. முன்பு இருந்தவர் போட்டது, தோள் அகலம் பொருந்தாது. ஒரு விசில், ஒரு தடி, ஒரு டார்ச் லைட்டு. மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குகிறார். "இதர் பைட்டோ. கிஸி கோ அந்தர் மத் சோடோ" என்கிறார். "இங்கே உட்கார். யாரையும் உள்ளே விடாதே" என்பது பொருள். இந்தி பழகாத இளைஞருக்கு அதுவும் பாதிதான் புரிகிறது. அன்று இரவு முதல், அந்தக் கட்டிடத்தில் உறங்கும் நூறு, இருநூறு உயிர்களுக்கு அவர்தான் காவல்.

அவர் சோம்பேறியல்ல, நாணயம் இல்லாதவரும் அல்ல. ஆனால் தீப்பிடித்தால் முதலில் எதைச் செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று காட்டவில்லை. தம் இடத்துக்கு வேறு ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியாது.

டெல்லியில் ஒரு கதவு

பொறுப்பு கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்த நாள் ஒன்று உண்டு. 1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி. டெல்லி கிரீன் பார்க் பகுதியில் இருந்த உப்ஹார் தியேட்டரில் 'பார்டர்' என்ற இந்திப் படத்தின் பிற்பகல் காட்சி நடந்துகொண்டிருந்தது. கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்த மின்சார வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. கீழே நிறுத்தியிருந்த கார்களுக்கும் தீ பரவியது. நச்சுப் புகை மாடிப்படி வழியாக மேலேறிப் பால்கனிக்குள் புகுந்தது.

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர். பால்கனியில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூடுதல் நாற்காலிகள் போடுவதற்காக ஒரு பக்க நடைவழி அடைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை அறிவிப்பு எதுவும் செய்யப்படவில்லை. கதவு தாழிடப்பட்டிருந்தது. பால்கனிப் பொறுப்பில் இருந்த வாயிற்காப்பாளர், தமக்கு மாற்றாக வர வேண்டியவரிடம் பொறுப்பை ஒப்படைக்காமலே போய்விட்டார் என்பது பின்னர் நடந்த வழக்கில் வெளிவந்தது. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

2007-ம் ஆண்டு நவம்பரில் டெல்லி விசாரணை நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தியேட்டர் அதிபர்கள் அதில் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அந்த வாயிற்காப்பாளரும் இருந்தார்.

டிரான்ஸ்பார்மரை அங்கே வைத்ததும், நடைவழியை அடைத்ததும் அவர் அல்ல. பெரிய குற்றங்கள் பெரிய இடத்தில் நடந்தவை. ஆனாலும் ஒரு தாழ்ப்பாளும், "நான் போகிறேன், இனி நீ பார்த்துக்கொள்" என்று ஒருவரிடம் சொல்லாமல் விட்டதும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டன. வாசலில் நிற்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

மும்பையில் ஒரு கதவு

இருபது ஆண்டுகள் கழித்து மும்பையில் வேறொரு தீ. 2017 டிசம்பர் 28-ந் தேதி நள்ளிரவு கடந்து, லோயர் பரேலில் உள்ள பழைய கமலா மில்ஸ் வளாகத்தில், கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்த கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தனர். வழி தெரியாமல் ஓடி, கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி, புகையில் சிக்கியவர்கள் அவர்களில் உண்டு.

அதே இரவில், அங்கே பணியில் இருந்த ஒரு காவலாளி அடைபட்டிருந்த கதவை உடைத்து வழி செய்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தப்ப உதவினார் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அவரும் மாதச் சம்பளக்காரர்தான். அந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தீ என்றால் முதல் வேலை வழியைத் திறப்பதுதான் என்பதும் தெரிந்திருந்தது.

இரண்டு ஊரிலும் ஒரு கதவும், அதன் பக்கத்தில் ஒரு காவலாளியின் பொறுப்பும் இருந்தன. ஒன்றில் 59 பேர் போனார்கள், மற்றொன்றில் நூறு பேர் பிழைத்தார்கள். இந்த வேறுபாட்டை அவரவர் குணத்துக்கு விட்டுவிட முடியாது என்பதால்தான் பயிற்சியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

சட்டம் கேட்பது 160 மணி நேரம்

தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 2005-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன்படி லைசென்சு இல்லாமல் யாரும் காவல் நிறுவனம் நடத்தக்கூடாது. காவலாளி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவருடைய நடத்தையும் பின்னணியும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

பயிற்சி எவ்வளவு? 2006-ல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் அதைச் சொல்லின. வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். மொத்தம் 160 மணி நேரம். இதைக் குறைந்தது 20 வேலை நாட்களில் பரப்பி நடத்த வேண்டும். ராணுவத்திலோ போலீசிலோ இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சலுகை உண்டு. அவர்களுக்கு வகுப்பு 40 மணி, களம் 16 மணி, குறைந்தது ஏழு நாட்கள்.

உடல் தகுதியும் அந்த விதிகளில் இருந்தது. ஆண்களுக்கு 160 சென்டிமீட்டர் உயரம், பெண்களுக்கு 150. ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். நிறக்குருடு இருக்கக்கூடாது. ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டையையும் வண்டி நம்பரையும் சரிபார்க்க அந்த அளவாவது தேவை.

பாடங்களின் பட்டியல் நீளமானது. பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, சீருடையைச் சரியாக அணிதல், உடற்பயிற்சி, கட்டிடப் பாதுகாப்பு, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள அட்டைகளைச் சோதித்தல், வெடிபொருட்களை அடையாளம் காணுதல், முதலுதவி, பேரிடர் காலத்தில் செய்ய வேண்டியவை, போலீஸ் நிலையத்தில் புகார் பதிவு செய்யும் முறை ஆகியவை அதில் அடங்கும்.

"கேட்டுல நிக்கணும், அம்புட்டுதான்" என்று ஊர்க்காரர் சொன்ன வேலைக்குச் சட்டம் வகுத்திருக்கும் பாடத்திட்டம் இது!

நடைமுறையில் எத்தனை பேருக்கு இது முழுமையாகக் கிடைக்கிறது என்பதை வாசலில் நிற்பவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பயிற்சி பெற்றதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாளே டூட்டியில் நிறுத்தும் ஏஜென்சிகள் உண்டு. அந்தக் கையெழுத்தைப் போடும் இளைஞர் ஒன்றை அறிய வேண்டும். நாளை ஏதாவது நேர்ந்தால், "இவருக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தோம்" என்று காட்டுவதற்கு அந்தத் தாள் அவருக்கு எதிராகவே பயன்படலாம்.

தீ வந்தால் முதல் ஐந்து நிமிடம்

160 மணி நேரத்தில் மிக முக்கியமானது தீயணைப்புப் பாடம். தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், மும்பை போக்குவரத்தில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் கட்டிடத்தின் தீயணைப்புப் படை முழுவதும் வாசலில் நிற்கும் அந்த ஒருவர்தான்.

முதல் வேலை குரல் கொடுப்பது. பிறகு 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்வது. கட்டிடத்தின் பெயரோடு, பக்கத்தில் உள்ள தெரு, கோவில், ரெயில் நிலையம் என்று அடையாளமும் சொல்ல வேண்டும். அடுத்தது மெயின் சுவிட்சை அணைப்பது. மின்சாரத் தீயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. லிப்டில் யாரையும் ஏற விடக்கூடாது. பாதியில் நின்றால் அதுவே புகைக்கூண்டாகிவிடும்.

சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புச் சிலிண்டரைப் பல காவலாளிகள் கையால் தொட்டுப் பார்த்ததே இல்லை. அதை இயக்குவது கடினம் அல்ல. மேலே உள்ள பின்னை இழுக்க வேண்டும். குழாயைத் தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். கொழுந்தின் உச்சியை நோக்கி அடித்தால் மருந்துதான் வீணாகும். சிறிய சிலிண்டர் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதில் உள்ள அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்ப்பதும் காவலாளியின் வேலைதான்.

தீயைவிடப் புகையே அதிகம் கொல்லும். உப்ஹாரில் நடந்தது அதுதான். புகை மேலே ஏறும், நல்ல காற்று தரையோடு இருக்கும். தவழ்ந்து வெளியே வரச் சொல்ல வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் கதவு எந்த நேரத்திலும் உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து அவசர வழியைப் பூட்டி, சாவியைச் செயலாளர் வீட்டில் வைக்கும் கட்டிடங்கள் இன்றும் உண்டு.

தீயின் பாடத்தை மும்பை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1944 ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய் விக்டோரியா டாக்கில் 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டிடத்திலும் அந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுதாவது ஒத்திகை நடத்தினால், அது அந்த வீரர்களுக்குச் செய்யும் நல்ல அஞ்சலியாக இருக்கும்.

காவலாளி போலீஸ்காரர் அல்ல

பயிற்சி இல்லாத காவலாளி இரண்டு விதத்தில் சிக்கிக்கொள்வார். செய்ய வேண்டியதைச் செய்யாமல் சிக்குவது ஒன்று. செய்யக் கூடாததைச் செய்து சிக்குவது மற்றொன்று.

சீருடை போட்டவுடன் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது. காவலாளியும் சட்டத்தின் கண்ணில் பொதுமக்களில் ஒருவரே. தம் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், பொதுமக்களில் எவரும் குற்றவாளியைப் பிடித்து வைக்கலாம். 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின்படி, அவரைத் தாமதம் இல்லாமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். திருடன் என்று சந்தேகப்பட்டவரைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தால், அடித்தவர் மீதுதான் வழக்கு வரும். "குடியிருப்போர்தான் அடிக்கச் சொன்னார்கள்" என்பது கோர்ட்டில் நிற்காது.

ராணுவம், போலீஸ் உடை போன்ற தோற்றமுள்ள சீருடை அணிவதும் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு காவலாளிக்கும் நிறுவனம் புகைப்படத்துடன் அடையாள அட்டை தர வேண்டும். டூட்டியில் அது அவரிடம் இருக்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

பயிற்சி பாதி என்றால், பொறுப்பை ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பது மறுபாதி. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு அரசுத் தொழிற்சாலையும் தன் சொந்தக் காவலாளிகளை வைத்திருந்தது. 1964-ல் ராஞ்சியில் கனரகப் பொறியியல் தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. அதை விசாரித்த நீதிபதி முகர்ஜி கமிஷன், தொழிற்சாலைகளுக்கென்று பயிற்சி பெற்ற தனிப்படை தேவை என்றது. 1968-ல் சட்டம் வந்தது. 1969 மார்ச் 10-ந் தேதி, ஏறத்தாழ மூவாயிரம் பேருடன் படை தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே தீயணைப்புப் பிரிவும் அமைந்தது. தமிழ்நாட்டில் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இந்தப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. 2025-ல் அதற்கு, தக்கோலப் போரில் வீழ்ந்த சோழ இளவரசர் ராஜாதித்தன் பெயர் சூட்டப்பட்டது.

அத்தகைய படைகளில் ஒருவரை ஓர் இடத்தில் நிறுத்தும்போது, அந்த இடத்துக்கு உரிய வேலைகள் எழுத்தில் இருக்கும். யாரை விடலாம், எதைச் சோதிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், மாற்று ஆள் எப்போது வருவார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். மனிதனின் களைப்பும் கணக்கில் எடுக்கப்படும். விமான நிலையத்தில் பெட்டிகளின் எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவரைச் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது வழக்கம். அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது. நம் கட்டிட வாசலிலோ ஒரே ஆள் 12 மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மாற்று ஆள் வராத நாளில் அதுவே 24 மணி நேரம் ஆகிவிடுகிறது!

மும்பையின் பழைய மில்களில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. இரவு ரோந்துக்காரர் தோளில் ஒரு கனத்த கடிகாரம் தொங்கும. வளாகத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாவி சங்கிலியில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். அந்த இடத்துக்குப் போய், அந்தச் சாவியைக் கடிகாரத்தில் செருகித் திருப்பினால்தான் உள்ளே இருக்கும் தாளில் நேரம் பதியும். போகாமல் போனதாகச் சொல்ல முடியாது. அதே சமயம், போனவரை "நீ போகவில்லை" என்று யாரும் பழிக்கவும் முடியாது. ரோந்துக்காரருக்கு அந்தக் கடிகாரமே சாட்சி. இன்று அதே வேலையை மின்னணுக் கருவிகள் செய்கின்றன.

சிறிய கட்டிடத்துக்குக் கடிகாரம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போகிறவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வருகிறவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். சாவிகளை எண்ணி வாங்க வேண்டும்.

மேற்பார்வையாளர் எங்கே?

மாதிரி விதிகளின்படி ஒரு மேற்பார்வையாளரின் கீழ் 15 காவலாளிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. காவலாளிகள் வெவ்வேறு இடங்களில் நின்றால், ஆறு பேருக்கு ஒரு மேற்பார்வையாளராவது வேண்டும். இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பதோடு அவர் வேலை முடிந்துவிடாது. உதவி, ஆலோசனை, மேற்பார்வை ஆகிய மூன்றும் அவர் கடமை. நள்ளிரவில் வந்து, தூங்கியவரைப் படம் பிடித்துச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது இவற்றில் எதிலும் சேராது.

மகாராஷ்டிரத்தின் தனி வழி

காவலாளிகள் விஷயத்தில் மகாராஷ்டிரம் முன்பே ஒரு வழி கண்டது. சுமை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்காக 1969-ல் வந்த சட்டத்தை ஒட்டி, தனியார் காவலாளிகளின் வேலை ஒழுங்குமுறை மற்றும் நலச் சட்டத்தை 1981-ல் மாநில அரசு கொண்டுவந்தது. பம்பாய், தானா பகுதிக்குக் காவலாளிகள் வாரியம் ஏற்பட்டது.

இந்த முறையில் காவலாளியும் வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார், அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனமும் பதிவு செய்துகொள்கிறது. ஆளை ஒதுக்குவது வாரியம். நிறுவனம் சம்பளத்தோடு ஒரு தீர்வையும் சேர்த்து வாரியத்தில் கட்டுகிறது. பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி, போனஸ், சம்பளத்துடன் விடுமுறை ஆகியவை அதிலிருந்து காவலாளிக்குக் கிடைக்கின்றன. இடையில் நின்று பாதிச் சம்பளத்தை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. விலக்குப் பெற்று நடக்கும் ஏஜென்சிகளும் உண்டு. அங்கே வேலை செய்யும் காவலாளிக்கும் வாரியத்தில் கிடைப்பதைவிடக் குறைவான சலுகை தரக்கூடாது என்பதே அந்த விலக்கின் அடிப்படை. எனவே வேலைக்குச் சேரும்போது, "இந்த ஏஜென்சிக்கு லைசென்சு இருக்கிறதா, வாரியத்தின் கீழா, விலக்கா?" என்று கேட்பது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை.

செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை

அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கும் தமிழர்கள் மும்பையில் பலர். செம்பூரிலும் முலுண்டிலும் மாட்டுங்காவிலும் காவல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இவர்கள்தான்.

மூன்று ஏஜென்சிகளிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். குறைந்த விலை எங்கே குறைகிறது என்று யோசிக்க வேண்டும். அது காவலாளியின் சம்பளத்தில் குறையும், அல்லது அவருக்குத் தர வேண்டிய பயிற்சியில் குறையும். பயிற்சிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது, வேலை. அதிகாலை ஐந்து மணிக்குக் காவலாளி எங்கே இருக்கிறார்? தண்ணீர் மோட்டார் போட மொட்டை மாடிக்குப் போயிருப்பார். ஆறு மணிக்கு யாருடைய காரையோ துடைத்துக்கொண்டிருப்பார். ஏழு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் பால் பாக்கெட் கொண்டு போயிருப்பார். இந்த நேரமெல்லாம் வாசலில் யார்? யாருமில்லை. அந்தச் சமயத்தில் சைக்கிள் திருடு போனால் மட்டும் காவலாளியின் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறோம். மோட்டார் போடுவதும் தேவையான வேலைதான். ஆனால் அது யார் வேலை, அந்த நேரத்தில் வாசலுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். அதுவும் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுத வேண்டும். புரியாத மொழியில் தரும் உத்தரவைத் தராத உத்தரவாகவே கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர், முதல் நாள் தொப்பியை மாட்டிக்கொள்ளும் முன்பு ஐந்து கேள்விகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் காவல் எல்லை எதிலிருந்து எதுவரை?

எந்தெந்தச் சாவிகள் என் பொறுப்பு, அவை எங்கே இருக்கின்றன?

வெளியேறும் வழிகள் எத்தனை, மெயின் சுவிட்சு எங்கே?

ஆபத்து என்றால் முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

என்னிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்பவர் யார், அவர் வராவிட்டால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?

இவற்றைக் கேட்பதால் யாரும் வேலையை விட்டு நீக்கிவிட மாட்டார்கள். நீக்கினால், அந்த வாசலில் நிற்காமல் இருப்பதே நல்லது. ஊரில் இருந்து ஆளை அழைத்து வரும் அண்ணாச்சிகளும் இந்த ஐந்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வேலை வாங்கிக் கொடுப்பதைப் போலவே இதுவும் பெரிய உதவி.

மீண்டும் ஏழு மணி. இந்த முறை காலை. இரவு முழுவதும் விழித்திருந்தவர் கண் சிவந்து நிற்கிறார். பகல் டூட்டிக்காரர் வருகிறார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு. சொல்லு."

"சாவி பதினொண்ணு, எண்ணிக்கோ. பின்வாசல் தாழ் திறந்துதான் இருக்கு. ரெண்டாவது லிப்டு ஓடலை. மீட்டர் ரூம்ல லேசா வாடை இருந்துச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சு, ஒன்பது மணிக்கு வருவார். நோட்டில எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு."

கையெழுத்து விழுகிறது. இனி அவர் ரெயிலைப் பிடிக்கப் போகலாம்.